கடம்பூர் மாளிகையும் காந்தளூர்ச் சாலையும்

'பொன்னியின் செல்வன்' நாவலை முழுமையும் படித்தவர் எவரும் ஒரு கேள்வியோடுதான் ஐந்தாம் பாகத்தை மூடி வைக்கின்றனர். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? காரியவட்டத்து விடுதியில் இரவு உணவுக்குப்பின் இக்கேள்வியை ஒருவர் எழுப்பிவிட்டால் போதும். பத்துப் பேர் கூடிய இடத்தில் பதினொரு விடை பிறக்கும். பதினோராவது விடை பெரும்பாலும் என்னுடையதாகவே இருந்து வந்தது. அவ்விடையைப் பற்றியும், அது எப்படிக் கெட்டது என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

கதையை முதலில் நினைவுபடுத்திக் கொள்வோம். கல்கி இந்நாவலைத் தம் வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை தொடர்ந்து எழுதினார். கடம்பூர்ச் சம்புவரையர் மாளிகையில், நந்தினியின் அறையில், ஓர் இரவில் பட்டத்து இளவரசன் மாண்டு கிடக்கிறான். அவனைக் கொல்லச் சபதம் ஏற்ற நந்தினி அங்கே இருக்கிறாள். பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளாகிய ரவிதாசன் கூட்டத்தார் அருகில் இருக்கின்றனர். பெரிய பழுவேட்டரையர் மாறுவேடத்தில் வந்திருக்கிறார். வந்தியத்தேவன் மறைந்து நிற்கிறான். சரியான வேளையில் விளக்கு அணைந்து விடுகிறது! பின்னர்ப் பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. பெரிய பழுவேட்டரையரோ பழியைத் தம் தலைமேல் ஏற்றுக் கொள்கிறார். அவர் சொன்னது உண்மையா, குற்றமற்ற இளைஞனைக் காக்கச் சொன்னதா என்பது வாசகர்க்குத் தெளிவாகவில்லை. யார் கையிலிருந்த கத்தி என்பதற்கு நூலுள் ஐயம் தீர்ந்த விடை இல்லை.

கதை திடீரென்று முடிந்துவிட்டது என்று அந்நாளிலேயே வாசகர் குறைப்பட்டனர். கல்கி அதற்கென முடிவுரை ஒன்று எழுதிப் பாத்திரங்கள் பலருக்குப் பின்னர் நேர்ந்தவற்றைச் சுருங்கச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். இனி அவரிடம் கேட்க வழியில்லை. கேட்க வழியில்லாத இடத்தில்தான் ஊகம் செழித்து வளர்கிறது.

இது தமிழர்க்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1870இல் இறந்தபோது 'எட்வின் துரூட்' என்னும் கதை பாதியில் நின்றது. பன்னிரண்டு பகுதிகளாகத் திட்டமிட்டதில் ஆறே முடிந்திருந்தன. துரூட் கொல்லப்பட்டானா, கொன்றவன் அவன் மாமன் ஜாஸ்பரா என்று அன்று தொடங்கிய வாதம் இன்றும் ஓயவில்லை. 1914 ஜனவரியில் இலண்டனில் டிக்கன்ஸ் அன்பர்கள் ஜாஸ்பரைக் கூண்டிலேற்றி ஒரு விளையாட்டு விசாரணையே நடத்தினர். செஸ்டர்ட்டன் நீதிபதி, பெர்னார்டு ஷா நடுவர் குழுத் தலைவர். விசாரணை முடிவில் நீதிபதி, தம்மைத் தவிர அங்கிருந்த அனைவரும் நீதிமன்றத்தை அவமதித்ததாகத் தீர்ப்பளித்தாராம்! எங்கள் விடுதிக் கூட்டங்களும் ஏறத்தாழ அவ்வாறே முடிவதுண்டு.

ஊகம் என்பதை நான் இழிவாகச் சொல்லவில்லை. நல்ல ஊகம் ஆராய்ச்சிக்கு ஒப்பானது. 2005இல் ஹாரி பாட்டர் வரிசையின் ஆறாம் நூல் வந்தபோது, அதில் ஒரு பதக்கத்தினுள் கிடந்த கடிதத்தின் கீழ் ஆர்.ஏ.பி. என்னும் மூன்று எழுத்துகள் மட்டும் இருந்தன. அவர் யார் என்று ஆசிரியை சொல்லவில்லை. முன் நூல்களில் ஓரிரு இடங்களில் மட்டும் பெயர் வந்துபோன ரெகுலஸ் பிளாக் என்பவனாக இருக்கலாம் என்று வாசகர் எண்ணினர். அதற்குச் சான்று எங்கே தேடினர் தெரியுமா? மொழிபெயர்ப்புகளில்! டச்சு மொழிபெயர்ப்பில் பிளாக் குடும்பத்தின் பெயர் ஸ்வார்ட்ஸ் என மாற்றப்பட்டிருந்தது. அந்நூலில் கடிதத்தின் கடைசி எழுத்தும் 'இசட்' என மாறியிருந்தது. நார்வே மொழியில் குடும்பப் பெயர் ஸ்வார்ட். அங்கே கடைசி எழுத்து 'எஸ்'. 2007இல் ஏழாம் நூல் வந்தது, ஊகம் மெய்யாயிற்று. தங்கள் கருத்துக்கு வெளியே, தங்களால் வளைக்க இயலாத ஒரு சான்றை அவ்வாசகர் தேடிச் சென்றனர் என்பதை ஈண்டுக் கருத வேண்டும். பாட்டர் கதைக்கு ஏழாம் நூல் இருந்தது. நம் கதைக்கு ஆறாம் பாகம் இல்லை. ஆயின் வேறொன்று உண்டு. அது கல்வெட்டு.

கற்பனைக் கதைக்கும் சரித்திரக் கதைக்கும் வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. ரெகுலஸ் பிளாக்கைப் பற்றி எதைச் சொன்னாலும் எவர்க்கும் கெடுதல் இல்லை. அப்படி ஒருவன் இருந்ததே இல்லை. ஆதித்த கரிகாலன் இருந்தான். உத்தம சோழன் இருந்தான். ரவிதாசனும் இருந்தான். அவர்கள்மேல் கொலைப்பழி சுமத்துவதற்குமுன் சிறிது நின்று எண்ண வேண்டும். நான் எண்ணவில்லை.

நான் சொல்லி வந்தது இதுதான். இராசராசனின் முதற்பெரும் வெற்றியாகக் கல்வெட்டுகள் பேசுவது காந்தளூர்ச் சாலையில் கலமறுத்தது. அக்காந்தளூர் நம் திருவனந்தபுரத்து வலியசாலை என்பது அறிஞர் பலர் கருத்து. சாலை என்பது கல்விச்சாலை. அங்கே படைப்பயிற்சியும் தரப்பட்டது. ரவிதாசனும் அவன் உடன்பிறந்தாரும் அங்கே பயின்றவர்கள். அண்ணனைக் கொன்றவர்கள் பயின்ற சாலையைத் தம்பி அரியணை ஏறிய கையோடு அழித்துப் பழிதீர்த்தான். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலைக் கடைத்தெரு வழியே நடந்து, வலியசாலைக் கோயில் முன்னே நின்று, ஊரிலிருந்து வரும் உறவினர்க்கெல்லாம் இதைச் சொல்லுவேன். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கொலைக்குத் துப்பு நாம் காய்கறி வாங்கும் தெருவுக்கு அருகில் கிடக்கிறது என்பதில் எனக்கொரு பெருமை.

அவ்வாறு கேட்டுப் போனவர்களில் ஒருத்தி என் தங்கை. நாகர்கோவிலில் பள்ளியில் படிக்கிறாள். அவள் ஒரு பேச்சுப் போட்டியில் இதை அப்படியே வரலாறாகப் பேசிவிட்டாள். நடுவராக வந்திருந்த பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரவிதாசன் காந்தளூரில் படித்தான் என்று எந்தக் கல்வெட்டில் இருக்கிறதம்மா?" என்று வினவினார். "எங்க அண்ணன் சொன்னான்" என்றாளாம். அவையில் சிரிப்பு எழுந்தது. அன்றிரவு தொலைபேசியில் அவள் கேட்டது ஒன்றே: "அண்ணா, எந்தக் கல்வெட்டுண்ணு சொல்லு, நான் அந்த சாருக்கு எழுதிப் போடணும்." நான், "நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன். அந்த நாளை வர மூன்று வாரம் ஆயிற்று.

அம்மூன்று வாரமும் பல்கலைக்கழக நூலகத்தில் கழிந்தன. கண்டவற்றைச் சொல்லுகிறேன்.

கொலையைப் பற்றி நேராகப் பேசும் கல்வெட்டு காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ளது. இராசகேசரி என்னும் பட்டமுடைய மன்னனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அம்மன்னன் முதலாம் இராசராசன் என்றே பெரும்பாலோர் கொள்வர். எனவே காலம் ஏறத்தாழ கி.பி. 987. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள், அவர்கள் உறவினர், அவர்களுக்குப் பெண் கொடுத்தோர் ஆகியோரின் உடைமைகளைப் பறிமுதல் செய்வது பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு மன்னன் விடுத்த ஆணையை அது குறிக்கிறது. சோமன், பஞ்சவன் பிரமாதிராசன் என்னும் ரவிதாசன், இருமுடிசோழப் பிரமாதிராசன் என்னும் பரமேசுவரன் ஆகிய பெயர்கள் அதில் உள்ளன. கல்கி இப்பெயர்களைக் கல்லிலிருந்தே எடுத்தார். நந்தினி கல்லில் இல்லை. அவள் முழுதும் கல்கியின் படைப்பு. பழுவேட்டரையரோ சம்புவரையரோ இக்கல்லில் குற்றம் சாட்டப்படவில்லை. கொலை நடந்த இடமும் சொல்லப்படவில்லை.

இங்கே ஒன்றைக் கண்டு நான் வியந்தேன். வீரநாராயண ஏரி என்பது நாம் இன்று வீராணம் என வழங்குவது. நாவலின் முதற்பக்கத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் கரை அதுவே. துரோகிகளின் நிலங்கள் இருந்த ஊர் அவ்வேரியை அடுத்தது. கடம்பூரும் அந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. கொலையாளிகளின் ஊரிலே தொடங்கி அவர்களின் பெயரைச் சொல்லாமலேயே கல்கி கதையைத் திறந்துவிட்டார். விடுதியில் எத்தனை இரவு வாதிட்டும் இது எங்களில் எவர்க்கும் தோன்றவில்லை.

இனி, பட்டப் பெயர்களைப் பார்ப்போம். பிரமாதிராசன் என்பது அரசு அலுவலில் இருந்த அந்தணர்க்கு வழங்கிய சிறப்புப் பெயர். எனவே கொலையாளிகள் காட்டில் ஒளிந்து திரிந்த கூட்டத்தார் அல்லர், பதவியில் இருந்தவர்கள். 'பஞ்சவன்' என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். இதைக் கொண்டே ரவிதாசனைப் பாண்டியர் கட்சியினன் எனக் கொள்கின்றனர். வீரபாண்டியனைக் கொன்ற கரிகாலனைப் பாண்டியன் ஆட்கள் பழிவாங்கினர் என்பது பொருத்தமான ஊகமே. ஆயின், உடனிருக்கும் பரமேசுவரனின் பட்டத்தில் 'இருமுடிசோழ' என்று இருக்கிறதே! அது சோழப் பெயர். அன்றியும் இராசராசனின் தேவியருள் ஒருவர் பெயரே பஞ்சவன்மாதேவி. பஞ்சவன் என்ற சொல் பெயரில் இருப்பதாலேயே ஒருவரைப் பாண்டியர் ஒற்றர் எனக் கொண்டால் தஞ்சை அரண்மனையிலும் ஒற்றர் இருந்தார் என்று சொல்ல நேரும்.

உத்தம சோழன்மேல் ஐயம் கொண்டவர் வெறும் கதை வாசகர் அல்லர். பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் தம் சோழர் வரலாற்றில் அவ்வையத்தை எழுதினார். கரிகாலனுக்குப்பின் பட்டம் பெற்றவன் உத்தமன். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆண்டான். துரோகிகள்மேல் நடவடிக்கை எடுத்ததாகத் தெரிவதோ அவன் காலத்துக்குப் பின்னர்தான். இது வலிமையான வாதம். ஆனால் சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. உத்தமனுக்குத் தொடர்பு இருந்திருப்பின் நாட்டாரும் அதிகாரிகளும் அவனை அரசனாக ஏற்றிருக்க மாட்டார் என்று அவர் கருதினார். என் மனம் பண்டாரத்தார் பக்கமே சாய்கிறது. காரணம் வேறு. உத்தமன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசனின் கீழ் உயர்ந்த அதிகாரியாய் இருந்து கோயில் நிருவாகங்களைப் பார்வையிட்டவன். அண்ணனைக் கொல்வித்தவனின் மகனை, அதுவும் அரியணைக்கு உரிமை கோரத் தக்கவனை, ஒரு மன்னன் அவ்வாறு நம்பி அருகில் வைத்திருப்பானா? துரோகிகளின் உறவினர் நிலத்தையும் விடாதவன் அல்லவா அவன்?

இதற்கு மறுமொழியும் உண்டு. என் அறைத்தோழர் சொல்லுவார்: "இராசராசனே செய்திருந்தால்?" இப்போது இளைஞர் நடுவே மிகவும் செல்வாக்குப் பெற்ற ஊகம் இதுதான். குந்தவையையும் சேர்த்துக் கொள்வர். திருவாலங்காட்டுச் செப்பேடு, மக்கள் வேண்டியும் அருள்மொழி அரசை மறுத்துச் சிறிய தந்தைக்கு விட்டுக் கொடுத்ததாகப் புகழ்கிறது. அச்செப்பேடு இராசராசன் மகன் இராசேந்திரன் காலத்தது. மகன் அவையில் தந்தையைப் பற்றி வேறெப்படி எழுதுவர் என்பது அவர் வாதம். செப்பேட்டை ஐயத்தோடு படிக்க வேண்டும் என்பதை ஒப்புகிறேன். ஆனால் புகழுரையை நம்பாமல் இருப்பது ஒன்று. அதற்கு எதிரான குற்றத்தை நம்புவது மற்றொன்று. அண்ணன் இறந்தவுடன் அரசு கிடைத்திருந்தால் ஐயப்படலாம். கிடைத்ததோ 985இல். அத்தனை ஆண்டு காத்திருப்பதற்காகவா கொலை செய்வர்?

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் போக இயலவில்லை. கல்லில் உள்ள பெயர்கள் அந்தணர் பெயர்கள் என்பதால், கொலையை விட்டுச் சாதியைப் பிடித்துக்கொண்டு பேசுவோர் நம்மிடையே உண்டு. அதற்கு எதிராகக் கல்லையே பொய் என்போரும் உண்டு. எங்கள் விடுதியில் ஒருமுறை இவ்வாதத்தால் இரு நண்பர்கள் ஒரு பருவம் முழுதும் பேசாதிருந்தனர். இறந்தவன் சோழன், இறந்து ஆயிரம் ஆண்டுக்கு மேலாயிற்று. சாப்பாட்டு மேசையை மாற்றிக் கொண்டவர்கள் இவர்கள்!

காந்தளூருக்கு வருவோம். சாலைகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று ஆய் மன்னன் கருநந்தடக்கனின் செப்பேடு. கி.பி. 866ஐச் சேர்ந்தது. முஞ்சிறைப் பகுதியில் பார்த்திவசேகரபுரத்தில் கோயில் எடுத்து, காந்தளூர் முறையைப் பின்பற்றி அங்கே ஒரு சாலையை அவன் நிறுவினான். 95 சட்டர்க்கு, அதாவது மாணவர்க்கு, இடம். வேதப்பிரிவு வாரியாக 45, 36, 14 என இடங்கள் பகுக்கப்பட்டிருந்தன. சேர விரும்புவோர் இலக்கணமும் மீமாம்சையும் புரோகிதமும் அறிந்திருக்க வேண்டும். மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். ஒழுக்க விதிகளும் தண்டமும் உண்டு. விடுதி விதிகளைக் குறித்து முணுமுணுக்கும் நண்பர்கள் இச்செப்பேட்டை ஒருமுறை படிக்கலாம்.

மூன்று அரசுகளின் நடைமுறை அறிந்த மாணவர் என்பது சுவையான செய்தி. அரசியல் அலுவலர்க்கு ஏற்ற கல்வி அது. சோழ நாட்டுப் பிரமாதிராசன் ஒருவன் இத்தகைய சாலையில் பயின்றிருக்கக் கூடாது என்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் 'பயின்றிருக்கலாம்' என்பதற்கும் 'பயின்றான்' என்பதற்கும் நடுவே ஒரு மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அதை நான் ஒரு தாவில் தாண்டியிருந்தேன். உடையார்குடிக் கல்லில் காந்தளூர் இல்லை. ரவிதாசன் வகையறாவின் நிலம் இருந்ததோ வீராணத்துக் கரையில், சோழ நாட்டின் உள்ளே.

'கலமறுத்து' என்ற சொல்லுக்கே பொருள் உறுதியாகவில்லை. கலம் என்றால் மரக்கலம். சேரனுடைய கப்பல்களை அழித்தான் என்பர் ஒரு சாரார். கலம் என்றால் உண்கலம். சாலையில் நடந்த உணவளிப்பை நிறுத்தினான் அல்லது வரையறுத்தான் என்பர் மற்றொரு சாரார். இந்நகரிலே மகாராசா மகளிர் கல்லூரியில் ஆசிரியராய் இருந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சாலையைப் பற்றித் தனி நூலே எழுதினார். குழந்தைப் பாடல்களால் மட்டும் கவிமணியை அறிந்தோர் இதையும் அறிதல் வேண்டும். இடமும் அவ்வாறே: வலியசாலை என்பர், விழிஞத்தை அடுத்தது என்பர், நெய்யாற்றின்கரைப் பக்கம் என்பாரும் உளர்.

என் கருத்தை முற்றும் வீழ்த்தியது பொருளும் அன்று, இடமும் அன்று. இராசராசனுக்குப்பின் முதலாம் இராசாதிராசனும் காந்தளூர்ச் சாலையில் கலமறுத்ததாகக் கல்வெட்டுகளில் பெருமை கொள்கிறான். முதலாம் குலோத்துங்கனும் அவ்வாறே. கரிகாலன் கொலைக்குப் பழிதீர்க்க ஒருமுறை அழித்தால் போதாதா? நூறு ஆண்டு கழித்து, கொலைகாரரின் பேரன்மாரும் மறைந்தபின், மீண்டும் ஏன்? மேலைக் கடற்கரையின்மேல் சோழர்க்கு இருந்த ஓயாத நாட்டமே இதற்குப் போதிய காரணம், ரவிதாசன் தேவையில்லை. இராசராசனின் இரண்டாம் ஆண்டில் உடையார்குடி, நான்காம் ஆண்டளவில் காந்தளூர் என்ற நெருக்கம்தான் எங்களை ஏமாற்றியது. அடுத்தடுத்து நிகழ்ந்ததால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகாது. தருக்கம் படித்த முதலாண்டு மாணவர்க்கும் தெரிந்த செய்தி, எனக்கும் தெரியும், ஆயினும் கதை அழகாயிருந்தது.

2023இல் வெளிவந்த திரைப்படத்தின் இரண்டாம் பாகம் கொலைக்குத் தன்போக்கில் ஒரு விடையைக் காட்டிற்று. அதைப் பார்த்துவிட்டு வந்து, "இனி ஐயம் இல்லை" என்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரோடு நான் வாதிடவில்லை.

தங்கையிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னதற்குக் கல்வெட்டு இல்லை என்றும், அவளைச் சபையில் சிரிக்க வைத்தது என் பிழை என்றும் ஒப்புக்கொண்டேன். சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அப்போ யாருண்ணா கொன்னது?" என்றாள். சோமனும் ரவிதாசனும் பரமேசுவரனும் என்று ஒரு கல் சொல்கிறது; ஏன் கொன்றனர், எவர் ஏவினர் என்று அது சொல்லவில்லை என்றேன். "அந்த சாருக்கு நான் இதைத்தான் எழுதப் போறேன்" என்று வைத்துவிட்டாள். கடிதத்தின் பிரதி எனக்கும் வந்தது. 'என் அண்ணன் சொன்னது தவறு' என்பது அதன் முதல் வாக்கியம்.

வரும் விடுமுறையில் அவளை உடையார்குடிக்கு அழைத்துப் போவதாக வாக்களித்திருக்கிறேன். பெயர்கள் சில கிரந்த எழுத்தில் இருப்பதால் படிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்; இரவில் அரைமணி நேரம் எழுத்துகளை எழுதிப் பழகி வருகிறோம், அவள் அங்கே, நான் இங்கே. மன்றத்து நண்பர்களில் உடன்வர விரும்புவோர் முன்கூட்டியே பெயர் தரலாம். நாகர்கோவில் வழியாகவே போகிறோம்.